இழுத்துத் தேய்த்த சுவர்

திருச்சி ரயிலடியிலிருந்து புறப்பட்ட வேன் கீரனூரைத் தாண்டும்வரை வழிகாட்டி சகாயராணி பயணிகளிடம் வழக்கமாகச் சொல்ல வேண்டிய எதையும் சொல்லவில்லை. இருநூற்றுப் பதின்மூன்று முறை சொன்ன வாய் அது. எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும், எந்தச் சொல்லில் கேட்பவர் கண் கலங்கும் என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். இன்று திறக்க மறுத்தது. இரண்டு மாதமாக அவளுக்குள் ஒருத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டு, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்றைக்கு அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. குகைச் சுவரில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு முழம். இன்றோடு அதுவும் போய்விடும்.

வேனில் ஆறு பேர். எந்தப் பயணத்திலும் ஆறு பேர்தான், அதற்கு மேல் கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து நாச்சிமுத்துவும் அவர் மனைவி தெய்வானையும். சேலத்துக் கல்லூரியொன்றில் பாடம் நடத்தும் மூன்று பெண்கள். கடைசி இருக்கையில் திருநெல்வேலியிலிருந்து தனியாக வந்திருந்த சொர்ணம்.

"ஏனுங்க அம்மணி, காலையில இருந்து வாயே தொறக்கலீங்களே. நாங்களா கேட்டுக்கோணுமா?" என்றார் நாச்சிமுத்து.

"அவங்களுக்கும் தொண்டை வலிக்குமல்லங்க, சும்மா இருங்க" என்றார் தெய்வானை.

"கேளுங்க சார்" என்றாள் சகாயராணி.

"அந்தச் செவுத்துக்குள்ள சத்தம் எப்படிப் போயி உக்காந்துச்சு? அதைய மட்டும் எனக்கு வெளங்கற மாதிரி சொல்லுங்க போதும். நான் மில்லுல முப்பது வருசம் மெசினோட மல்லுக்கட்டுனவன்."

"சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காயறதுக்குள்ள கூழாங்கல்லால தேய்ச்சுப் பளபளப்பாக்குவாங்க சார். தேய்க்கிறப்ப பக்கத்துல யாராச்சும் பேசினா கல்லு கண்ணுக்குத் தெரியாம அதிரும். சாந்து அந்த அதிர்வை வாங்கிக்கிட்டு அப்படியே இறுகிடும். ஆயிரத்து நூறு வருஷம் கழிச்சு அதுமேல ஒரு ஒளிக்கற்றைய ஓட்டினா, திரும்பச் சத்தமாகும்."

"பழைய இசைத்தட்டாட்டம்."

"அதேதான். ஆனா தட்டைத் திரும்பத் திரும்பப் போடலாம். இதுல ஒளி பட்ட இடம் பொடியாக் கொட்டிடும். ஒரே ஒரு தடவைதான்."

சேலத்துப் பெண்களில் ஒருத்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ பதிவு பண்ணி வச்சுக்க மாட்டாங்களா மேடம்?"

"மாட்டாங்க. உங்க போனெல்லாம் என் பெட்டியில பூட்டிக் கெடக்கே, எதுக்குன்னு நெனச்சீங்க? நீங்கள் கேட்டதை வேறு யாரும் கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதுமில்லைன்னு சீட்டுலயே அச்சடிச்சிருக்கு. அதுக்காகத்தானே ஒரு வருஷம் காத்திருந்து வரீங்க."

அந்தப் பெண் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

நொச்சிமலைக் குகையின் உட்புற அறையில் ஓவியம் எதுவும் இல்லை, வழுவழுப்பான வெற்றுச் சுவர்தான். ஓவியம் இல்லாததால்தான் தொல்லொலி நிறுவனத்துக்கு அதைக் கரைக்க அனுமதி கிடைத்தது. அங்கே தவமிருந்த முனிவரின் குரல் என்று சொல்லி அவர்கள் சீட்டு விற்றார்கள். வாரம் ஒரு பயணம், பயணத்துக்கு ஒரு சாண் சுவர்; கடைசிப் பயணத்துக்கு மட்டும் ஒரு முழம். நான்கு வருடத்தில் சுவர் பாறையாகிவிட்டது. பாதுகாப்புக்காக வழிகாட்டி உள்ளேயே நிற்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு சாணையும் ஆறு பேர் கேட்டார்கள், போனார்கள். எல்லாச் சாணையும் கேட்ட ஒரே ஆள் சகாயராணி. அந்தச் சுவர் இப்போது அவள் தலைக்குள்தான் இருந்தது. சில நாள் சாம்பாருக்குத் தாளிக்கும்போது அது தானாக ஓடத் தொடங்கும். அடுப்பை அணைத்துவிட்டு நிற்பாள்.

"முனிவரு குரலைப் பத்திச் சொல்லும்மா" என்றாள் சொர்ணம் பின்னாலிருந்து. "இவங்கல்லாம் மொத வாட்டி வாராவ. நான் முன்னமே கேட்டவ."

ரயிலடியிலேயே சகாயராணி அவளை அடையாளம் கண்டுகொண்டிருந்தாள். அறுபத்தொன்றாவது பயணம். அப்போது சொர்ணம் மகனைப் பறிகொடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று கரகரப்புக்கு நடுவே குரல் கேட்டது ஒன்பது விநாடி. சொல் எதுவும் கிடையாது, உள்ளே இழுத்து இழுத்து நிறுத்தும் மூச்சு மட்டும். முனிவரின் மூச்சுப் பயிற்சி என்று சகாயராணிதான் சொன்னாள். அழகாகச் சொன்னாள். சொர்ணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மலையடிவாரம்வரை விடவில்லை.

"டீ குடிச்சிட்டுப் பேசலாம்மா" என்றாள் சகாயராணி.

டீக்கடையில் ஓட்டுநர் இறங்கிப் போனதும் வேன் கதவைச் சாத்திவிட்டு அவர்கள் முகம் பார்த்து நின்றாள்.

"அது முனிவர் குரலே இல்லை" என்றாள்.

நாச்சிமுத்து இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நானும் எங்கம்மாவும் காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டுச் சுவரெல்லாம் தேய்ச்சிருக்கோம். எனக்கு அந்த வேலையே பிடிக்காது. சுண்ணாம்பு வெரலைத் தின்னுடும், சாப்பிட உக்காந்தா சோறு எரியும். அதுலருந்து தப்பிக்கத்தான் படிச்சேன். ஆனா கை மறக்கல. கல்லைத் தள்ளித் தேய்க்க மாட்டோம் சார். தள்ளினா ஈரச் சாந்து சுருண்டு வந்துடும். வலது பக்கம் கையை நீட்டி வச்சு, நம்ம உடம்பைப் பாத்து இழுப்போம். இழுத்துட்டுக் கல்லைத் தூக்கிடுவோம். மறுபடி வலது பக்கம். எப்பவும் வலது பக்கத்திலருந்து இடது பக்கம்."

"இவங்க மெசினு?" என்றார் நாச்சிமுத்து. அவர் முகம் கூர்மையாகிவிட்டது.

"இடது பக்கத்திலருந்து வலது பக்கம் ஓடுது. புத்தகம் படிக்கிறவங்க வச்ச மெஷின். நாலு வருஷமா எல்லாத்தையும் தலைகீழா ஓட்டியிருக்கோம். வேகமும் அப்படித்தான். கை எந்த வேகத்துல ஓடுச்சுன்னு சுவரைப் பாத்துச் சொல்ல முடியாது. மெதுவா விட்டா குரல் கனமா, சாமி மாதிரி கேட்டுச்சு. அதையே வச்சுக்கிட்டாங்க."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள் சேலத்துப் பெண்.

கேட்கக் கூடாத கேள்வியைத்தான் நல்ல ஆசிரியர்கள் முதலில் கேட்பார்கள். சகாயராணி பொய் சொல்ல நினைத்து, வேண்டாமென்று விட்டாள்.

"நிச்சயமாத் தெரிஞ்சு ரெண்டு மாசம். என் தங்கச்சி பொண்ணு போன்ல ஒரு வீடியோவைப் பின்னாலருந்து ஓட்டி விளையாடிட்டிருந்தா. அந்தச் சத்தத்தை நான் குகையில கேட்டிருக்கேன். மூணு கடிதாசி எழுதினேன், கடைசி முழத்தையாவது திருப்பி ஓட்டுங்கன்னு. வாடிக்கையாளர் மனநிறைவே முக்கியம்னு பதில் வந்துச்சு. ஒண்ணு தப்புன்னா முன்னாடி கேட்ட எல்லாருக்கும் பதில் சொல்லணுமில்ல. நிச்சயமில்லாம சந்தேகம் மட்டும்னா, அது மொத வருஷத்திலருந்தே உண்டு. எங்கம்மா இழுத்த கை என் கண்ணுலயே நின்னுச்சு. நான்தான் அதைப் பாக்காத மாதிரி இருந்தேன். நான் நல்லாப் பேசுவேன். எல்லாரும் அழுவாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

சொல்லி முடித்தபோது அவமானமாக இருந்தது; கூடவே, யாரோ கழுத்திலிருந்து கையை எடுத்தது போலவும் இருந்தது.

"அப்போ நான் கேட்டது என்னது?"

சொர்ணம் எழுந்து நின்றிருந்தாள். அவள் தலை வேனின் கூரையைத் தொட்டது.

"அம்மா, அதை விட்டுடுங்க."

"எத விட? மூணு வருசமா ராத்திரி கண்ண மூடுனா அந்த மூச்சத்தான் நெனைக்கேன். அவரு மாதிரியே இழுத்து இழுத்து விட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். சொல்லு. என்னது அது?"

"யாரோ ஒரு பொண்ணு" என்றாள் சகாயராணி. "வேலை செய்யறப்ப விழுந்து விழுந்து சிரிச்சிருக்கா. அதைத் தலைகீழா, மெதுவா ஓட்டினா அப்படித்தான் கேக்கும்."

சொர்ணம் உட்கார்ந்தாள். தெய்வானை எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார, "தொடாதீய" என்றாள்.

ஓட்டுநர் திரும்பி வந்து கதவைத் திறந்தார்.

மலை ஏறினார்கள். படிகள் நூற்றிருபதுதான், வெயில் ஏறியிருந்ததால் இருநூறு மாதிரி இருந்தது. சகாயராணிக்குப் பின்னால் சொர்ணத்தின் செருப்புச் சத்தம் நின்று நின்று வந்தது. திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்கவில்லை. ஒருத்தியிடமிருந்து அவளுடைய தூக்கத்தைப் பிடுங்கிவிட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கிறேன், இது எந்த ஊர் நியாயம் என்று தன்னையே கேட்டாள். அடுத்த படியில், பொய்யைக் கொடுத்தது யார் என்றும் கேட்டுக்கொண்டாள்.

குகைக்குள் கருவியை இயக்கும் குழந்தைவேலு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சுவரெங்கும் கரும்பாறை, நடுவே வெள்ளையாக அந்த ஒரு முழம், கைக்குட்டை காயப்போட்டது மாதிரி. மூலையில் கேமரா.

"குழந்தை, திருப்பி ஓட்டணும்" என்றாள் சகாயராணி. "வேகம் மூணு மடங்கு, என் கை இழுக்கிற வேகம்."

"அக்கா, வேணாம்க்கா. ஆபீசுல மதிவாணன் சார் கேமராவுல பாத்துக்கிட்டே இருக்காரு. வேலை போயிரும்."

"இன்னையோட சுவரே முடியுது. நாளைக்கு என்னத்தை ஓட்டுவ, பாறையையா?"

அவன் சிரித்துவிட்டான். பிறகு முகம் மாறிச் சொன்னான்: "அடுத்த மலைக்கு என்னைப் போடறேன்னு சொல்லியிருக்காங்கக்கா."

அதுவும் ஒரு பதில்தான். அவனுக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். சகாயராணியால் அதற்கு மேல் அவனிடம் எதையும் கேட்க முடியவில்லை.

நாச்சிமுத்து இதற்குள் சுவரருகே போய்க் குனிந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்தார். பேப்பர் படிக்க வைத்திருந்தது. குழந்தைவேலுவின் டார்ச்சை வாங்கிச் சாய்த்துப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தெய்வானை, இங்க வா. இந்தக் கோடுகளையெல்லாம் பாரு. எடப்பக்க நுனியில மட்டும் துளித்துளியா மேடு தட்டியிருக்குது, தெரியுதா? வலப்பக்கம் வழுவழுன்னு இருக்குது." நிமிர்ந்து சகாயராணியைப் பார்த்தார். "எந்த வேலையானாலும் முடியற பக்கந்தானுங்க பிசிறு நிக்கும். நான் மெசின்ல பாத்தது அதுதான். அம்மணி சொல்றது சரி. இழுத்துத்தான் தேய்ச்சிருக்காங்க."

சுவரில் தொங்கிய போன் ஒலித்தது. சகாயராணி எடுத்தாள்.

"சகாயராணி, என்ன நடக்குது அங்க?" மதிவாணனின் குரல் எப்போதும் போல இனிமையாக இருந்தது. "வந்தவங்களை உக்கார வச்சு, அவங்க கேக்க வந்ததைக் கேக்க விடுங்க. நம்ம தனிப்பட்ட கருத்தெல்லாம் வேண்டாம்."

"சார், இது கருத்து இல்லை. வேணும்னா வந்து சுவரைப் பாருங்க."

"உங்களை இந்த நிமிஷத்திலருந்து வேலையை விட்டு எடுத்தாச்சு. குழந்தைவேலுகிட்ட போனைக் குடுங்க."

அவள் கொடுத்தாள். குழந்தைவேலு கேட்டான், "சரிங்க சார்" என்றான், இன்னொரு முறை "சரிங்க சார்" என்றான். போனை வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல், "நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று வெளியே போனான். போகும்போது கருவியைப் பூட்டவில்லை. சாவி அதிலேயே இருந்தது.

சகாயராணி திசையை மாற்றினாள். வேகத்தை மாற்றினாள். தொடங்கும் பொத்தானுக்கு மேலே விரல் நின்றுவிட்டது.

"நான் தப்பா இருந்தா" என்றாள் அவர்களிடம், "நாப்பது விநாடி கிறீச்சுனு கத்திட்டு எல்லாம் முடிஞ்சிடும். உங்களுக்குத் தர்றதுக்கு வேற ஒண்ணும் இருக்காது. அதையும் சொல்லிடறேன்."

"போடுங்க மேடம்" என்றாள் சேலத்துப் பெண். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். நாச்சிமுத்து எப்போதோ கையைக் கட்டிக்கொண்டு தயாராகிவிட்டார்.

சொர்ணம் குகை வாசலிலேயே நின்றிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"என்னத்துக்கு என்னப் பாக்கீய?" என்றாள். "நான் கேட்டது முனிவருதான். அத எங்கிட்டருந்து ஒருத்தரும் புடுங்க முடியாது. ஆனா இது..." சுவரைக் கையால் காட்டினாள். "இது அவளுவளோடது. அவளுவ சொன்ன மாதிரியே போடு."

சகாயராணி பொத்தானை அழுத்தினாள்.

முதலில் கல் இழுபடும் ஓசை. சரக். ஒரு மௌனம். சரக். அந்த ஓசையை அவள் தோள் முதலில் அடையாளம் கண்டது. வலது தோள் தானாக ஒருமுறை அசைந்தது. பிறகு ஒரு பெண்குரல். இழுப்புக்கு ஒரு துண்டு, கல்லைத் தூக்கும் நேரத்துக்கு இடைவெளி, மறுபடி ஒரு துண்டு. மூக்கால் கொஞ்சம் பேசுகிறவள். "ஏடீ" என்றது தெளிவாகக் கேட்டது. "வந்தான்" என்பது போல ஒன்று. கை என்றோ காய் என்றோ ஒன்று. மற்றவை தெரிந்த ஊரின் தெரியாத தெரு மாதிரி இருந்தன.

அம்மாவின் குரல் போல இருக்கும் என்று சகாயராணி ரகசியமாக நினைத்திருந்தாள். அப்படி இல்லை. இவள் யாரோ. யாரைப் போலவும் இல்லாத யாரோ ஒருத்தி, தன் பாட்டுக்கு, யாருக்காகவும் அல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். அந்த அலட்சியத்தைக் கேட்க சகாயராணி சுவருக்கு இன்னும் ஓர் அடி நெருங்கினாள். இன்னொரு குரல் குறுக்கே வந்தது, இளையது. இருவரும் சிரித்தார்கள். சுவரிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல் விழுந்தது. ஒரே சொல். அது என்ன சொல் என்று யாருக்கும் பிடிபடவில்லை. தொனி எல்லோருக்கும் பிடிபட்டது, அதட்டல்.

"மேஸ்திரி" என்றார் நாச்சிமுத்து, உதட்டளவில்.

சரக். சரக். சரக். சரக். வெறும் கல். சகாயராணி மீதமிருந்த வெள்ளையைப் பார்த்தாள். நான்கு விரல் அகலம். மூன்று. அவ்வளவுதானா, அடங்கிவிட்டார்களா என்று அவளுக்குள் ஏதோ சினந்து எழுந்தது. சரக். இரண்டு விரல்.

அப்போது அந்த மூக்குக் குரல் மறுபடி தொடங்கியது. முன்னைவிடத் தாழ்ந்து, கல்லின் ஓசைக்குள் ஒளிந்துகொண்டு, ஆனால் விட்ட இடத்திலிருந்தே. அதே "ஏடீ". இளையவள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாகப் பீறிட்டாள். ஒரு சொல்லின் பாதியில் சுவர் தீர்ந்துபோனது.

பாறை. பொடி. வெளியே குழந்தைவேலு இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன பேசுனாங்கன்னு வெளங்குச்சுங்களா அம்மணி?" என்று தெய்வானை மெதுவாகக் கேட்டார்.

கதை சொல்ல இதைவிட நல்ல இடம் அவளுக்கு வாய்த்ததில்லை. அந்த மௌனத்தில் எதை வைத்தாலும் நம்புவார்கள்.

"இல்லைங்க. எனக்குத் தெரியாது" என்றாள்.

போன் விடாமல் ஒலித்தது. அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் போனின் மேலேயே மாட்டிவிட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

அடிவாரத்தில் காவலாளி இரண்டு தாள்களை நீட்டினான். முனிவரின் திருக்குரலைக் கேட்டேன் என்று எல்லோரும் கையெழுத்திட வேண்டிய சான்றிதழ் ஒன்று. மற்றது அவளுடைய நீக்க உத்தரவு. இவ்வளவு சீக்கிரம் எப்படித்தான் அச்சடித்தார்களோ. நாச்சிமுத்து சான்றிதழில் முனிவரின் என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே நிதானமாக, ரெண்டு பொம்பளைங்களோட என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் வந்த ஐந்து பேரும் அதன் கீழேயே கையெழுத்துப் போட்டார்கள். சொர்ணமும் போட்டாள்.

வேன் திருச்சிச் சாலையைப் பிடித்தபோது சொர்ணம் கடைசி இருக்கையிலிருந்து எழுந்து வந்து சகாயராணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிறிது நேரம் முன்னால் போகும் மணல் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எல்லாத்தையும் கேட்டவல்லா?" என்றாள். "மறக்கலியே?"

"மறக்கலம்மா."

"அன்னிக்கு நான் கேட்டேன்லா. அது நேராப் பாத்தா எப்படி இருக்கும்?"

சகாயராணி அவள் முகத்தைப் பார்த்தாள். சொர்ணம் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஒன்பது விநாடியை சகாயராணி மனதுக்குள் கடைசியிலிருந்து பிடித்தாள், இழுத்த மூச்சையெல்லாம் விட்ட மூச்சாக்கினாள், வேகத்தைக் கூட்டினாள். பிறகு, தன் குரலைக் கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் சிரித்துக் காட்டினாள்.

சேலத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொர்ணம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். உதடுகள் அசைந்தன, அளவு பார்ப்பவள் மாதிரி. அவளுக்கு அது போதவில்லை.

"சத்தமாவே சிரி" என்றாள். "அந்த மேஸ்திரி செத்து ஆயிரத்து நூறு வருசமாச்சு."